ஜாவா பெரணிக்கு எத்தனை பெயர்கள்?

மீன் தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு ஜாவா பெரணியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மண் வேண்டாம், அதிக வெளிச்சமும் வேண்டாம். ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும், தானாகவே பற்றிக்கொண்டு வளரும். வாங்கப் போகும்போதுதான் குழப்பம்! நேரோ, நீடில் லீஃப், டிரைடென்ட், விண்டெலோவ், பிலிப்பைன் என்று ஏகப்பட்ட பெயர்கள். பெயருக்கு ஏற்றபடி விலையும் ஏறும். இவையெல்லாம் உண்மையிலேயே வேறு வேறு செடிகள்தானா? விடை தெரிய வேண்டுமானால் இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இறக்கைக் கால்

அப்போது ஜாவா தீவு டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. இன்றைய போகோர் நகரில் 1817-ல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவை 1820-களில் நிர்வகித்தவர் கார்ல் லுட்விக் புளூம். ஜாவாவின் செடிகளைப் பட்டியலிட்ட அவர், 1828-ல் இந்தப் பெரணிக்கு 'பாலிபோடியம் டெரோபஸ்' என்று பெயர் வைத்தார். டெரோபஸ் என்றால் கிரேக்கத்தில் 'இறக்கைக் கால்'. இதன் இலைக்காம்பின் இருபுறமும் இறக்கை போன்ற மெல்லிய விளிம்பு ஓடும். பழந்தின்னி வௌவாலின் அறிவியல் பெயரும் டெரோபஸ்தான்!

மூன்று விரல்

ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவைக் கவனித்து வந்தவர் டென்மார்க்கில் பிறந்த நத்தானியேல் வாலிக். இலை மூன்றாகப் பிளந்திருந்த ஒரு பெரணிக்கு அவர் இட்ட பெயர் 'டிரைடாக்டைலான்', அதாவது மூன்று விரல். அது தனி இனமாகவே நூலில் ஏறியது. பின்னால் வந்த தாவரவியலாளர்கள் இது புளூம் பெயரிட்ட அதே பெரணிதான் என்று முடிவு செய்தார்கள். காரணம் எளிது. இந்த இனத்தில் பிளவில்லாத இலையும் உண்டு, மூன்றாகப் பிளந்த இலையும் உண்டு. முந்திய பெயரே நின்றது.

அதன் பிறகும் பெயர் மாறாமல் இல்லை. 1929-ல் கோப்லாண்ட் இதை மைக்ரோசோரம் பேரினத்துக்கு மாற்றினார். 2008-ல் ஃப்ரேசர்-ஜென்கின்ஸ் லெப்டோகைலஸ் பேரினத்தில் சேர்த்தார். பேரினம் மாறினாலும் இனம் ஒன்றேதான்.

வளர்ப்பு ரகங்கள்

வளர்ப்புச் செடிகளின் ரகங்களுக்குப் பெயரிடுவதற்கான சர்வதேச விதிகள் முதன்முதலில் 1953-ல் வெளிவந்தன. ஒரு ரகம் மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், பெருக்கினாலும் அந்தக் குணம் மாறக்கூடாது. இதுதான் அடிப்படை.

இதற்கு நல்ல உதாரணம் விண்டெலோவ். 1970-ல் டென்மார்க்கில் டிராப்பிகா என்ற நீர்த்தாவர நிறுவனத்தைத் தொடங்கிய ஹோல்கர் விண்டெலோவின் பெயரைத் தாங்கிய ரகம் இது. இலை நுனி சீப்பு போலப் பல கிளைகளாகப் பிரியும். தண்டை வெட்டி நட்டாலும், இலையில் முளைக்கும் குட்டிச் செடியைப் பிரித்து வளர்த்தாலும் அதே நுனி வரும். ஏனென்றால் அவை தாய்ச்செடியின் நகல்கள்.

பிரித்தறிவது எப்படி?

நுனி கொத்தாகப் பிரிந்தால் விண்டெலோவ். குறுகிய இலையின் பக்கங்களில் விரல்கள் கிளம்பினால் டிரைடென்ட். பிளவில்லாமல் ஒடுக்கமாக இருந்தால் நேரோ, அதைவிடவும் ஒடுக்கமானது நீடில் லீஃப். பிலிப்பைன் போன்ற ஊர்ப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சிக்கல் என்னவென்றால், இளம் செடியில் எல்லா ரகங்களின் இலையும் சிறியதாக, பிளவில்லாமல் இருக்கலாம். பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலையும் தொட்டிக்குள் வளரும் இலையும் ஒன்றுபோல் இருக்காது. சாதாரண ஜாவா பெரணியிலும் மூன்று விரல் இலை வரும். அதைக் காட்டி டிரைடென்ட் விலை சொன்னால், வாலிக் காலத்துக் குழப்பத்துக்கு இன்று ஒருவர் காசு கொடுக்கிறார் என்று அர்த்தம்!

எனவே ஒரே ஓர் இலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தண்ணீருக்குள் சில மாதங்கள் வளர்ந்த முதிர்ந்த செடியைப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் இலைகளிலும், அவற்றில் முளைக்கும் குட்டிகள் முதிர்ந்த பிறகும் அதே குணம் தொடர்ந்தால் அது ரகம். தொடராவிட்டால் அது வெறும் சீட்டில் எழுதிய பெயர்.