கோவாவுக்குப் போன பாயும் ஆதில் ஷாவின் வாசலும்

ஒரு பாய் கோவாவுக்குப் போறேன்னு சொன்னா ஊர்ல என்ன நினைப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம் :-) பீச், பீர், விடிய விடிய டான்ஸ். "உனக்கு அங்க என்னடா வேலை?" என்றுதான் நண்பர்களும் கேட்டார்கள். போய்விட்டு வந்தபிறகு பதில் இருக்கு. கொஞ்சம் நீளமான பதில், கிட்டத்தட்ட ஆயிரம் வருஷ நீளம்.

முதல்ல நடைமுறை விஷயம். பாகா, கலங்குட் பக்கம் ரூம் போட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. பஞ்சிம் நகருக்குள் தங்குவது நல்லது, ஜும்மா பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கு. சோரிசோ, சொர்பொட்டேல் என்று மெனுவில் பார்த்தால் அது பன்றிக்கறி, தாண்டிப் போயிடுங்க. மீன் குழம்பும் சோறும் எல்லா இடத்திலும் கிடைக்கும். அவ்வளவுதான் கஷ்டம்!

இனி மேட்டருக்கு வருவோம்.

11ம் நூற்றாண்டில் கோவாவை ஆண்டவர்கள் கடம்பர்கள். முதலாம் ஜெயகேசி என்ற கடம்ப அரசனிடம் ஒரு முஸ்லிம் பெரிய அதிகாரியாக இருந்திருக்கிறார். அங்கே பள்ளிவாசல் இருந்ததையும் அந்தக் காலத்துச் செப்பேடு சொல்கிறது. மஸ்ஜித் என்பதை 'மிஜிகிதி' என்று எழுதியிருக்கிறார்கள். இந்து அரசன், முஸ்லிம் அதிகாரி, துறைமுகத்தில் அரபு வியாபாரிகள். போர்ச்சுகீசியர் வருவதற்கு நானூறு வருஷத்துக்கு மேல் முன்னாடி! 1340களில் இப்னு பதூதாவும் இங்கே வந்தார். சும்மா சுற்றிப்பார்க்க இல்லை, ஹொன்னாவர் சுல்தான் இந்த ஊர் மேல் படையெடுத்தபோது கூடவே வந்தார்.

எல்லாரும் இந்த ஊருக்கு அடித்துக்கொண்டதற்குக் காரணம் குதிரை. அரபு நாட்டுக் குதிரை கப்பலில் வந்து இறங்கும் துறைமுகம் இது. குதிரை இல்லாமல் தக்காணத்தில் யாரும் போர் செய்ய முடியாது. விஜயநகரத்திடம் இருந்த கோவாவை 1472ல் பாமினி தளபதி மஹ்மூத் கவான் பிடித்தார். பிறகு அது பீஜப்பூர் ஆதில் ஷாவின் கைக்குப் போனது.

1510 நவம்பர் 25. அல்புகர்க் ஊரைப் பிடித்த நாள். உள்ளூர் இந்துக்களுக்கு பீஜப்பூர் ஆட்சி மேல் வெறுப்பு இருந்தது, திம்மய்யா என்ற தலைவர்தான் அல்புகர்க்கைக் கூப்பிட்டார். இதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் அடுத்து நடந்தது போர் இல்லை. ஊரில் இருந்த முஸ்லிம்களை ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் நாலு நாள் வெட்டினார்கள். ஆறாயிரம் பேர் செத்தார்கள் என்று அல்புகர்க்கே தன் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த நாள் புனித கேத்தரீன் திருநாள். அதனால்தான் பழைய கோவாவின் பெரிய கதீட்ரலுக்கு அவர் பெயர். டூரிஸ்ட்கள் அந்த வெள்ளைச் சுவர் முன்னால் போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அந்த ஆறாயிரம் பேருக்கு அங்கே ஒரு பலகை கூட என் கண்ணில் படவில்லை. கூப்பிட்டவர்களின் சந்ததியும் தப்பவில்லை என்பது தனிச் சோகம். 1560ல் வந்த இன்க்விசிஷன் இந்துக்களையும் புதுக் கிறிஸ்தவர்களையும் சேர்த்தே வாட்டியது.

மிச்சம் என்ன? கஜேட்டன் சர்ச் பக்கத்தில் ஒரு கருங்கல் வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. ஆதில் ஷா அரண்மனை வாசல் என்கிறார்கள், கோயிலில் இருந்து வந்த கல் என்றும் ஒரு கட்சி உண்டு. பஞ்சிமில் ஆதில் ஷாவின் கோடை மாளிகை இருக்கு, பேரு இதல்காவ் மாளிகை. 'ஆதில் கான்' என்பது போர்ச்சுகீசிய வாயில் அப்படி ஆகிவிட்டது. வைஸ்ராய்கள் குடியிருந்தார்கள், பிறகு 2000 வரைக்கும் கோவா சட்டசபையே அங்கேதான். இப்போ எதிரே மாண்டவி ஆற்றில் கேசினோ கப்பல்கள் லைட் போட்டு நிற்கின்றன. அங்கே வர்ற கூட்டத்தில் எத்தனை பேர் திரும்பி இந்தப் பக்கம் பார்க்கிறார்கள்?

எனக்குப் பிடித்தது போண்டா ஊரில் இருக்கும் சஃபா மசூதி. பஞ்சிமில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ் இருக்கு. 1560ல் கட்டியது. அப்போ போண்டா பீஜப்பூர் வசம், அதனால் தப்பித்தது. சின்னப் பள்ளிதான், ஆனால் பக்கத்தில் செம்புறாங்கல் படிகளோடு பெரிய குளம், சுற்றிலும் மிஹ்ராப் மாதிரி வளைவுகள். கோவாவின் சத்தம் எதுவும் அங்கே வரவில்லை.

2011 கணக்குப்படி கோவாவில் நூற்றுக்கு எட்டு பேர் முஸ்லிம்கள். "உனக்கு அங்க என்ன வேலை?" என்று அடுத்து யாராவது கேட்டால், மிஜிகிதி கதையில் இருந்து ஆரம்பிக்கப் போறேன். நீங்களும் போனால் ஒரு நாளை பீச்சில் இருந்து பிடுங்கி போண்டாவுக்குக் கொடுங்க.