பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான கப்பல் நிறுவனம். தொடங்கிய ஆண்டு 1974, தலைமையகம் சென்னை. சோழர் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இக்கழகத்தைப் பிறப்பித்தது மின்சாரத் தேவை.

தமிழகத்தில் சொந்தக் கப்பல் என்றதும் வ.உ.சி.யின் நினைவு வருவது இயல்பு. 1906-இல் தூத்துக்குடியில் அவர் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம் மக்கள் பங்குப் பணத்தில் எழுந்தது. அன்றைய அரசு அதற்கு எதிராக நின்றது. விடுதலைக்குப் பின் அரசே கப்பல் தொழிலில் இறங்கியது. 1950-இல் கிழக்கத்தியக் கப்பல் கழகமும் 1956-இல் மேற்கத்தியக் கப்பல் கழகமும் உருவாயின. 1961 அக்டோபர் 2 அன்று இரண்டும் இணைந்து இந்தியக் கப்பல் கழகம் ஆனது.

மாநில அரசுக்கும் தனிக் கப்பல் ஏன் தேவைப்பட்டது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு எளிதில் விளங்கும். பெரியாறு அணைத் தண்ணீர் லோயர்கேம்ப்பில் மின்சக்கரங்களைச் சுழற்றிவிட்டுத்தான் முல்லையாற்றில் இறங்கி வீரபாண்டிப் பக்கம் வருகிறது. மழை பொய்த்தால் வயலும் காயும், மின்சாரமும் குறையும். நீரை மட்டுமே நம்ப முடியாத நிலையில் எண்ணூரில் 1970-இலும் தூத்துக்குடியில் 1979-இலும் அனல் மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. எரிக்க வேண்டிய நிலக்கரியோ வங்காளத்திலும் ஒடிசாவிலும் கிடந்தது. அவ்வளவையும் ரயிலில் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. 40,000 டன் ஏற்றும் ஒரே கப்பல், ஏறத்தாழ பத்து சரக்கு ரயில்களின் சுமையைத் தாங்கும்.

ஹால்தியா, பாராதீப், விசாகப்பட்டினம் துறைமுகங்களில் கரி ஏறும்; எண்ணூர், தூத்துக்குடியில் இறங்கும். தூத்துக்குடியில் ராட்சத இரும்புக் கவ்விகள் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி வாய் நிறையக் கரியை அள்ளிக் கொட்ட, ஓடும் பட்டை அதை மின் நிலையத்துக்கே சுமந்து செல்லும்.

கழகத்துக்குச் சொந்தமாக மூன்று கப்பல்கள் இருந்தன: தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ். ஊர் ஊராக மின்கம்பம் நட்ட காலத்தில் முதலமைச்சராக இருந்த காமராஜரின் பெயர், கரி சுமக்கும் கப்பலுக்கு மிகவும் பொருத்தம். மின் தேவை ஏற ஏற மூன்று கப்பல்கள் போதவில்லை. கழகம் வாடகைக் கப்பல்களையும் அமர்த்தியது.

பொதுமக்கள் இக்கழகத்தை நேரில் காண்பது கன்னியாகுமரியில்தான். 1984 முதல் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது இதன் பொறுப்பு. குகன், பொதிகை, விவேகானந்தா என்னும் படகுகளுக்காக விடியற்காலையிலேயே வரிசை நீளும். தேனிப் பக்கத்திலிருந்து சுற்றுலா போகும் பிள்ளைகள் பலர், காப்பு உடையை மாட்டிக்கொண்டு முதன்முதலாகக் கடல்மேல் போவது இந்தப் படகுகளில்தான்.