சாம்பார்: பெயரும் வரலாறும்

சாம்பார் என்பது வேகவைத்த துவரம்பருப்பு, புளிக்கரைசல், காய்கறி, வறுத்து அரைத்த மசாலை ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும் தென்னிந்தியக் குழம்பு. நெய்யை விட்டு நல்லெண்ணெயில் தாளித்தால் இது முழுமையான நனிசைவ உணவு, சுவை குறைவதில்லை.

தஞ்சைக் கதை

இதன் தோற்றம் பற்றிப் பரவலாக ஒரு கதை சொல்லப்படுகிறது. தஞ்சாவூரை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராத்திய மன்னர் சகஜியின் அரண்மனையில் ஒருநாள் ஆம்டி என்னும் மராத்தியப் பருப்புக் குழம்பு செய்ய முற்பட்டார்கள். புளிப்புக்கான கோக்கம் தீர்ந்துபோயிருந்ததால் புளியைக் கரைத்து ஊற்றினார்கள். விருந்தினராக வந்திருந்த சிவாஜியின் மகன் சாம்பாஜியின் பெயரே அந்தக் குழம்புக்கு ஆயிற்று என்பர். வினாடி வினாப் புத்தகங்களில் இது வரலாறாகவே அச்சாகிறது. மாணவர்களும் அப்படியே எழுதுகிறார்கள்.

ஆண்டுகளை ஒப்பிட்டால் ஐயம் எழும். சாம்பாஜி 1689 மார்ச்சில் முகலாயரால் கொல்லப்பட்டார். எனவே கதை உண்மையானால் அவர் 1684-க்கும் 1689-க்கும் இடையில் தஞ்சைக்கு விருந்துண்ண வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் ஔரங்கசீப் பெரும்படையுடன் தக்காணத்தில் இருந்தார்; சாம்பாஜிக்குப் போருக்கே நேரம் போதவில்லை.

மேலும், புளி தமிழர் அடுப்படிக்குத் தற்செயலாக வந்த பொருளன்று. அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்றாலும் சங்க இலக்கியத்திலேயே புளி இடம்பெறுகிறது. மராத்தியரும் புளி சேர்த்து ஆம்டி செய்வதுண்டு. கோக்கம் தீர்ந்தால்தான் புளி நினைவுக்கு வரும் என்பது பொருந்தவில்லை.

பெயர்

கதைக்கு வெளியே எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது. தமிழில் ‘சம்பாரம்’ என்றால் மிளகு, மல்லி, சீரகம் போன்ற கறிச்சரக்கு. சேகரித்த பொருள்கள் என்னும் பொருளுடைய ‘சம்பார’ என்ற வடசொல்லே இதன் மூலம். கன்னடத்தில் மசாலைப் பொருள்களுக்குச் ‘சாம்பார பதார்த்த’ என்று பெயர். மலையாளத்தில் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட மோர் ‘சம்பாரம்’. சரக்கு சேர்ந்த குழம்பு சாம்பார் ஆனதற்கு அரசகுமாரர் எவரும் தேவையில்லை. குழம்புக்கும் அண்டை மொழிகளில் புளிப்பைக் குறிக்கும் பெயர்களே உள்ளன: கன்னடத்தில் ஹுளி, தெலுங்கில் பப்புப் புலுசு. தஞ்சைச் சமையலில் மராத்தியர் தாக்கம் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பெயரை மட்டும் அவர்கள் கணக்கில் எழுதுவதற்குச் சான்று போதாது.

சேர்பொருள்கள்

துவரையின் காட்டுமூதாதை ஒடிசா, பஸ்தர் பகுதிகளில் இன்றும் வளர்கிறது. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். தக்காளி அதற்கும் பின்னரே பரவியது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தானிலிருந்து வருவது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிடும் முயற்சி 2020-இல்தான் தொடங்கியது.

செய்முறையில் ஒரு வரிசை

பருப்பு மலர வெந்தபிறகே புளி சேர வேண்டும். புளிப்பில் பருப்பின் செல்சுவர்கள் எளிதில் இளகா. இரண்டையும் ஒன்றாக வைத்தால் பருப்பு எளிதில் மசியாது. ஆகவே ஒரு கோப்பைப் பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டுத் தனியாக வேகவைப்பார்கள். நெல்லிக்காயளவு புளியின் கரைசலில் பாதி வெந்த காயையும் சாம்பார்ப்பொடியையும் போட்டுப் பச்சைவாசனை போகக் கொதிக்கவிட்டு, அதன்பின் பருப்பைக் கலப்பார்கள். கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலைத் தாளிப்பு கடைசியில்.