மெய்ப்பிக்கும் கடமை யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினமும் மலேசியச் சட்டமும்

ஒரே செயலை ஆணிடம் பிழையாகவும் பெண்ணிடம் பெருங்குற்றமாகவும் காணும் போக்கையே இக்கட்டுரை இரட்டை ஒழுக்க நீதி எனக் குறிக்கிறது. 1857ஆம் ஆண்டின் ஆங்கிலேய மணவிலக்குச் சட்டத்தின்படி, மனைவியின் பிறன்தொடர்பை மட்டும் நிறுவிக் கணவன் மணவிலக்குப் பெறலாம். மனைவியோ கணவனின் பிறமாதர் தொடர்போடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்து நிறுவ வேண்டியிருந்தது.

இந்நீதியை வெளிப்படையாக விசாரணைக்கு உட்படுத்திய புதினம், தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' (1891). தன் பழைய உறவை மணநாள் இரவில் ஒப்புக்கொள்ளும் ஏஞ்சல் கிளேரை டெஸ் மன்னிக்கிறாள். தனக்கு நேர்ந்ததை அவள் சொன்னதும் அவனோ அவளை விட்டுப் பிரிகிறான். ஹார்டி அவளைத் தூய பெண் எனத் துணைத்தலைப்பிலேயே அறிவித்தபோதும், கதை அவளைத் தூக்குமரத்தில்தான் கொண்டு நிறுத்துகிறது.

தமிழில் அ. மாதவையாவின் 'முத்து மீனாட்சி' (1903), ஓர் இளம் கைம்பெண் தன் வரலாற்றைத் தானே உரைப்பதாக அமைந்து, அவளுடைய மறுமணத்தில் முடிகிறது. இந்தியாவில் 1856ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் மறுமணத்தை ஏற்றபோதிலும், மறுமணம் செய்தவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழந்தாள். மனைவியை இழந்து மறுமணம் செய்த ஆணுக்கு அத்தகைய இழப்பு எதுவும் இல்லை. டெஸ்ஸைக் கைவிட்ட கதையுலகைவிட மாதவையாவின் கதையுலகு துணிவுடையது. ஆயினும் இரு புதினங்களும் நாயகியின் தூய்மையை முதலில் நிறுவிய பின்னரே அவளுக்காக வாதாடுகின்றன. அத்தகைய சான்று ஆணிடம் கேட்கப்படுவதில்லை. இரட்டை நீதியின் வேர் தண்டனையின் அளவில் இல்லை. மெய்ப்பிக்கும் கடமையைப் பெண்மேல் மட்டும் சுமத்துவதிலேயே இருக்கிறது.

இவ்விரட்டை நீதி மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழரின் வாழ்விலும் சட்டமாக நிலைத்திருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை மூலமாகக் கொண்ட மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, பிறன் மனைவியைத் தகாத உறவுக்காக அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. கணவனை வேறொருத்தியிடம் இழந்த மனைவி அப்பிரிவின் துணையை நாட முடியவில்லை. அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணின் விருப்பமும் பொருட்படுத்தப்படவில்லை. அவளைத் தண்டியாது விட்டதும் கருணையால் அன்று. அவளைத் தன்விருப்பமுடைய ஆளாகக் கருதாததால் நேர்ந்தது. அதே நாட்டில், 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வரும்வரை, இந்து ஆண் வழக்காற்றின்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கச் சட்டத்தில் தடையிருக்கவில்லை.

2023 டிசம்பரில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுக்கு முரணானதெனக் கூறி 498ஆம் பிரிவைச் செல்லாததாக்கியது. சட்டம் கைவிட்ட அளவுகோலை இலக்கியத் திறனாய்வும் கைவிட வேண்டும். மலேசியத் தமிழ்ப் புனைகதையின் பெண்களை ஆராய்வோர், அவர்கள் கற்புடையவர்களா எனக் கேட்பதை விடுத்து, அக்கேள்வியை எழுப்பும் உரிமையை யாருக்கு அக்கதைகள் வழங்குகின்றன என்பதையே ஆராய்தல் வேண்டும்.