பிரம்பு சொல்லும் பேராக் கதை

ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்க்காதவர்கள் பேராக்கில் இருக்க முடியாது. வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்தைப் படம் பிடிக்காமல் வெளியூர்க்காரர் யாரும் திரும்புவதில்லை. ஆனால், அதன் எதிரே உள்ள பூங்காவில் நிற்கும் ஒரு மரத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்? அதுதான் ஈப்போ மரம். மாநகருக்கே பெயர் தந்த மரம்.

அதன் பட்டையைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் விஷம். ஊதுகுழல் அம்பின் நுனியில் அதைத் தடவித்தான் பூர்வகுடி மக்கள் குரங்கையும் பறவையையும் வேட்டையாடினார்கள். இது பலரும் கேட்ட செய்தி. கேட்காத செய்தி ஒன்று உண்டு. இதே மரத்தின் உள்பட்டையை உரித்து, ஊற வைத்து, கட்டையால் தட்டித் தட்டி அகலமாக்கி அவர்கள் துணியாகவும் உடுத்தினார்கள். தெராப் என்னும் காட்டுப் பலா இனத்து மரத்தின் பட்டையும் இதற்குப் பயன்பட்டது. நூலும் இல்லை, தறியும் இல்லை. ஆனால் துணி!

இராமன் மரவுரி தரித்துக் கானகம் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் தோட்டத்து மக்கள். அந்த மரவுரியை உண்மையிலேயே செய்யத் தெரிந்தவர்கள் தங்கள் தோட்டத்துக்கு மேலே, அதே மலைச்சரிவில் குடியிருந்தார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

மேற்கு மலேசியாவின் பூர்வகுடிகளை ஓராங் அஸ்லி என்கிறோம். 'அசல் மக்கள்' என்று பொருள். 1960-களில் வழக்குக்கு வந்த பெயர் இது. அதற்கு முன் 'சக்காய்' என்ற இழிசொல்தான் ஊரெங்கும் புழங்கியது. தமிழர் வாயிலும் புழங்கியது, இதை மறைப்பதற்கில்லை. அதிகாரப்பூர்வக் கணக்கில் இவர்கள் 18 இனங்கள். தாப்பா, பீடோர், கம்பார், கோப்பெங் மலையோரங்களில் செமாய் மக்கள், சுங்கை சிப்புட்டுக்கு மேலே புளுஸ் ஆற்றுப் பக்கமும் கிரிக் வட்டாரத்திலும் தெமியார் மக்கள். லனோ, ஜஹாய், கிந்தாக் என்ற சிறிய இனங்களும் பேராக்கில் உண்டு.

இவர்கள் வாழ்க்கையே நாரில் கட்டப்பட்டது என்றால் மிகையில்லை. மூங்கிலைப் பிளந்து தட்டையாக்கிப் பின்னினால் வீட்டுச் சுவர். பெர்த்தாம் ஓலையைத் தைத்தால் கூரை. பிரம்பைச் சீவிப் பின்னினால் மலையேறும்போது முதுகில் சுமக்கும் கூடை. மெங்குவாங் என்னும் காட்டுத் தாழை ஓலையில் பாய், வெற்றிலைப் பை, நெல் வைக்கும் பை. பெரும்பாலும் பாயும் பையும் பெண்கள் கைவேலை. பிரம்புக் கூடையும் மீன் பிடிக்கும் பொறியும் ஆண்கள் கைவேலை.

இந்தக் கலையை 'நெசவு' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. தறியில் நூலை ஓட்டினால்தான் நெசவு. ஓலையையும் பிரம்பையும் கையால் மாற்றி மாற்றிக் கோப்பதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது: முடைதல். கீற்று முடைவது, கூடை முடைவது என்று பாட்டிமார்கள் சொன்ன சொல். மலாயிலும் இதே வேறுபாடு உண்டு. தறிக்கு 'தெனுன்', முடைவதற்கு 'ஆஞாம்'. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் தென்னங்குருத்தில் தோரணம் பின்னும் தோட்டத்துப் பெரியவர், செமாய் பாட்டியின் கையைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். தாழையும் தமிழருக்குப் புதிதல்ல. ஆனால் அவர்களுக்குத் தாழை என்றதும் பூதான் நினைவுக்கு வருகிறது. ஓலையைக் கண்டவர்கள் கேரளத்தில் தழவா ஊர்க்காரர்களும், இங்கே மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்தான்.

சரி, இந்தக் கைவேலையை வெளியுலகம் எப்போது கவனித்தது? இந்த வரலாறு தைப்பிங்கில் தொடங்குகிறது. 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே பழமையானது. முதல் காப்பாளர் லியோனார்ட் ரே. அவர் காலத்திலிருந்தே பூர்வகுடிப் பொருட்கள் அங்கே சேர்ந்தன. 1899-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஆய்வுக்குழுவில் இருந்த ஸ்கீட், பின்னர் பிளாக்டனுடன் சேர்ந்து 1906-இல் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். எந்த இனம் எந்த உடை, எந்தக் கூடை என்று பக்கம் பக்கமாக அதில் உண்டு. நல்ல உழைப்புதான். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். வந்தவர்கள் எல்லாரும் கூடையை வாங்கினார்கள், எண் ஒட்டினார்கள், கண்ணாடிக்குள் வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முடையக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் இல்லை.

அவர்களிலிருந்து சற்று விலகி நின்றவர் ஒருவர் உண்டு. பெயர் ஹெச்.டி. நூன். 1930-களில் பேராக் அருங்காட்சியகத்தின் கள ஆய்வாளராக வந்தவர், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஜாலோங்கில் தெமியார் மக்களுடனேயே தங்கிவிட்டார். தெமியார் பெண்ணை மணந்தார். 1936-இல் அவர் எழுதிய அறிக்கை வெறும் ஆய்வறிக்கை அல்ல. இவர்களுக்குப் பெரிய நில ஒதுக்கீடு வேண்டும், இவர்கள் தங்கள் வழக்கப்படி வாழ விட வேண்டும், இவர்கள் கைவினையை வளர்க்க வேண்டும் என்று அரசுக்கே யோசனை சொன்னார். நிலமும் கைவினையும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். காடு இல்லாமல் கூடை இல்லை என்பது காட்டிலேயே வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. 1939-இல் பேராக்கில் பூர்வகுடிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. ஆனால் 1941-இல் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1943-இல் நூன் காட்டுக்குள்ளேயே உயிர் துறந்தார்.

இனி, முடைவதை எப்படிக் கற்பது என்று பார்ப்போம். முதல் நாளே பின்னத் தொடங்கலாம் என்று போகிறவர் ஏமாந்துதான் போவார். மெங்குவாங் ஓலையின் இரண்டு ஓரங்களிலும் முள். அடியில் நடு நரம்பு நெடுகிலும் முள். முதலில் அதைச் சீவி எடுக்க வேண்டும். பிறகு நெருப்பில் வாட்ட வேண்டும். ஒரே அகலத்தில் கீற வேண்டும். மூங்கில் துண்டால் இழுத்து இழுத்து மிருதுவாக்க வேண்டும். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, வேண்டுமானால் சாயம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் பாயின் முதல் மூலை. முற்றிய ஓலையா, இளசா, எந்தச் செடியில் எத்தனை ஓலை வெட்டினால் செடி பிழைக்கும்? இவையும் பாடத்தில் சேர்ந்தவை. பட்டணத்துப் பயிற்சிப் பட்டறையில் கீறி வைத்த ஓலையைக் கையில் கொடுத்துவிட்டால், பாடத்தில் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

பிரம்பு இன்னும் கடினம். அது கொடியாகப் படரும் பனை இனம். முள்ளைக் கொக்கியாக மாட்டிக்கொண்டு பெரிய மரங்களின் உச்சிக்கு ஏறிவிடும். அடியில் வெட்டிவிட்டு, மேலிருந்து இழுத்து, முள் உறையை உரித்து, நாராகப் பிளந்து, ஒரே கனமாகச் சீவ வேண்டும். கை கிழியாமல் கற்றவர் இல்லை.

பிரம்பு என்றதும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும்! வாத்தியார் கையிலிருந்த ரோத்தான். வாய்ப்பாடு தப்பினால் உள்ளங்கை சிவக்கும். அந்தப் பிரம்பு வளர்ந்த காட்டின் மக்கள் தங்கள் பிள்ளைகளை எப்படி நடத்தினார்கள் தெரியுமா?

1960-களின் தொடக்கத்தில் செமாய் மக்களிடையே வந்து வாழ்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் ரோபர்ட் டென்டன். 1968-இல் வெளிவந்த அவருடைய நூல் செமாய் மக்களை உலகம் முழுவதும் அறிய வைத்தது. வன்முறையை அறவே வெறுக்கும் சமூகம் என்று அவர்களைப் பற்றி எழுதினார். ஒரு வேலையைச் செய்யச் சொல்லும்போது, 'எனக்கு மனமில்லை' என்று பிள்ளை சொல்லிவிட்டால், பெற்றோர் அதோடு விட்டுவிடுவார்களாம். அதற்கென்றே செமாய் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அடிப்பது மிக அரிது. வற்புறுத்துவது தவறு.

அப்படியானால் பாய் முடைவதை யார் கற்றுக்கொடுப்பது? யாரும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதுதான் பதில். பாட்டி முடைகிறாள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச ஓலையில் விளையாடுகிறாள். ஒருநாள் அந்த விளையாட்டு சின்னப் பையாகிவிடுகிறது. இத்தனை தலைமுறையாக இந்தக் கலை இப்படித்தான் கைமாறியிருக்கிறது.

ஆனால், இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பேத்தி பக்கத்தில் இல்லையென்றால்? அல்லது அவளுக்கு மனமில்லையென்றால்? கட்டாயப்படுத்த வழியில்லை. ஒரே தலைமுறையில் கலை நின்றுவிடும்.

பேத்தியைப் பாட்டியிடமிருந்து பிரித்தவை பல. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்கத் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி வந்ததைத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பேசும். அதே காலத்தில் மலையிலிருந்த பூர்வகுடிகளையும் கீழே இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். மலைக்காற்றுக்குப் பழகியவர்கள் அந்த வெக்கையிலும் நோயிலும் நூற்றுக்கணக்கில் இறந்துபோனார்கள். முகாமில் பிரம்பேது, தாழையேது? தவறு புரிந்த பிறகுதான் அரசு அவர்களைக் காட்டிலேயே விட்டு, அங்கே கோட்டைகள் அமைத்தது. கெமார் அப்படி வந்த ஊர்.

1954-இல் பூர்வகுடி மக்கள் சட்டம் வந்தது. அதில் ஒதுக்கீட்டு நிலத்துக்கு இடம் உண்டு. சொந்த நிலத்துக்கு இல்லை. மாநில அரசு நினைத்தால் ஒதுக்கியதை ரத்து செய்யலாம். 1970-களில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது ஆற்றோரக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. மக்கள் மறுகுடியமர்த்தப்பட்டார்கள். இதைப் படிக்கும் தோட்டத்துக்காரருக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், வீட்டுமனைத் திட்டங்கள் வந்ததும் அவரையும் அப்படித்தான் பெயர்த்தெடுத்தன.

பள்ளிக்கூடமும் ஒரு காரணம் என்றால் சிலர் கோபப்படலாம். படிப்பு வேண்டும்; அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் உட்புறக் கிராமத்துப் பிள்ளைகள் 7 வயதிலேயே விடுதிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஓலையில் விளையாட வேண்டிய வயது அது. 2015-இல் கிளந்தான், குவா மூசாங் உட்பகுதியில் விடுதியில் தங்கிப் படித்த ஏழு பிள்ளைகள், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்குமென்று பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பிறகு இருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். அடியே அறியாமல் வளர்ந்த பிள்ளைக்குத் தண்டனை என்ற சொல் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்!

கலை மீண்ட இடமும் உண்டு. அதற்குப் பேராக்கிலிருந்து சிலாங்கூருக்குப் போக வேண்டும். கேரித் தீவு என்றதும் தமிழர்களுக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். கேரி என்ற தோட்டத்துரையின் பெயர் தாங்கிய தீவு அது. முன்பு ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அங்கே வாழும் மா மெரி மக்கள் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் பெண்கள் தாழை முடைவது மெல்ல மறைந்துகொண்டிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுங்கை பும்புன் கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி, பாட்டிமார்களிடம் கேட்டுக் கேட்டுப் பழைய வடிவங்களை மீட்டார்கள். வெற்றிலைப் பையும் பாயும் மறுபடி கைக்கு வந்தன.

2004-இல் உருவான கெராய் ஓ.ஏ. என்ற தொண்டர் குழு, பல இனத்துப் பூர்வகுடிகளின் கைவினைப் பொருட்களைப் பட்டணத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோய், விற்ற பணத்தை முழுமையாக முடைந்தவரிடமே சேர்த்தது. சந்தையில் விலை கிடைத்தது. பேத்திக்கு மனம் வந்தது. பரிவைவிடக் காசு இந்த விஷயத்தில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால், தாழையை வீட்டோரம் நட்டு வளர்க்கலாம். பிரம்பை அப்படி வளர்க்க முடியாது. அதற்கு ஏறிப் படர மரம் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் 2019-இல் கிரிக் வட்டாரத்துத் தெமியார் மக்கள் மரம் வெட்டும் லாரிகளை மறித்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். அது காட்டுக்கான போராட்டம் என்று செய்தி வந்தது. கூடைக்கும் சேர்த்துத்தான்.

இதில் தோட்டத்துக்காரர்கள் அறிய வேண்டிய ஒரு சுவையான செய்தியும் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த இனம் பெருகித்தான் பேராக்கின் காட்டை விழுங்கியது. அதே ரப்பர் மரத்தில் பிரம்பை ஏற்றிவிட்டால் என்ன என்று 1980-களில் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தார் நினைத்தார்கள். பால்மர வரிசைகளுக்கு நடுவே பிரம்புக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பிரம்பு ஏறியது. ஆனால் அதற்குள் தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தன. செம்பனையில் குலை வெட்டும்போது மட்டையையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். பிரம்பு பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது.