பயிற்சிச் செவிலியரும் வேலையற்ற செவிலியரும்

நவீனச் செவிலியப் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பயிற்சி முறையைப் பின்பற்றி 1873இல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் நகரங்களில் தொடங்கப்பட்ட செவிலியர் பயிற்சிப் பள்ளிகள், 1900க்குள் அமெரிக்கா முழுவதும் நானூறுக்கு மேல் பெருகியதற்குக் கல்வி ஆர்வத்தைவிட மருத்துவமனைகளின் ஆள் தேவையே பெரிய காரணமாகும். உணவும் உறைவிடமும் சிறு உதவித்தொகையும் பெற்ற மாணவியரே நோயாளர் கூடங்களின் பகல், இரவுப் பணிகளைச் சுமந்ததால், பயின்று முடித்தவர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தும் தேவை அங்கு எழவில்லை. வெளியேறியவர்கள் ‘தனிப்பணி’யை, அதாவது ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே தங்கி ஒரே நோயாளரைப் பேணும் வேலையை நாடி, செவிலியர் பதிவகங்களின் அழைப்புக்குக் காத்திருந்தனர். 1879இல் பாஸ்டனில் பயிற்சியை முடித்து, அந்நாட்டின் முதல் பயிற்சி பெற்ற கறுப்பினச் செவிலியரான மேரி எலைசா மஹோனியும் பெரும்பாலும் வீடுகளிலேயே பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த கறுப்பினப் பெண்களுக்கோ பல பள்ளிகளின் கதவே அடைபட்டிருந்தது என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. செவிலியர் கல்வியை ஆராய்ந்து 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை, மாணவியர் உழைப்பின் மீதான இச்சார்பைக் கடிந்தது. ஆயினும் 1930களின் பெருமந்தத்தில், குடும்பங்கள் தனிப்பணிக்குப் பணம் தர இயலாமல் போன பின்னரே, பல பள்ளிகள் மூடப்பட்டு, பயிற்சி முடித்தவர்கள், சில இடங்களில் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டுமே, மருத்துவமனை ஊழியர்களாகச் சேர்க்கப்பட்டனர்.