அச்சு நிலப்படங்களில் ‘கர்நாடகம்’: நாட்டுப் பெயரும் மொழிப்புலமும்

1. முன்னுரை

ஆம்பூர் (1749), ஆற்காடு (1751), வந்தவாசி (1760) ஆகிய ஊர்களில் நடந்த போர்களைத் தமிழ் வரலாற்று நூல்கள் ‘கர்நாடகப் போர்கள்’ என்னும் தலைப்பின்கீழ் விவரிக்கின்றன. இம்மூன்று ஊர்களும் தமிழ்நாட்டில் உள்ளவை. போர்களின் பெயரோ 1973 நவம்பர் 1 முதல் மற்றொரு மாநிலத்தின் பெயராக உள்ளது. பாடநூலைப் படிக்கும் மாணவர் இப்போர்கள் மைசூர்ப் பகுதியில் நிகழ்ந்தன என எண்ணினால் அவரைக் குறைகூற இயலாது. ‘கர்னாட்டிக்’ என்னும் ஆங்கில வடிவத்தை மொழிபெயர்ப்பாளர் ‘கர்நாடகம்’ எனப் பெயர்த்தார். சொல் அளவில் அது சரியானதே. ஆயினும் அச்சொல் சுட்டும் நிலம் காலந்தோறும் இடம்பெயர்ந்துள்ளது. அவ்விடப்பெயர்ச்சியையும், அதில் 19ஆம் நூற்றாண்டின் அச்சு நிலப்படங்களுக்கு உள்ள பங்கையும், அவை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உணர்த்துவனவற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரின் பயணம்

கன்னட நாடு காவிரி முதல் கோதாவரி வரை பரந்தது என்னும் கருத்து 9ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய கவிராசமார்க்கத்தில் காணப்படுகிறது. அங்கு நாட்டின் எல்லை மொழி வழக்கோடு இணைத்துக் கூறப்படுகிறது. சிலப்பதிகாரமும் கருநாடர் என்னும் மக்களை அறிந்திருந்தது. பழைய வழக்கில் இப்பெயர் மொழியையும் மக்களையும் ஒட்டி நின்றமைக்கு இவை சான்றுகள்.

விசயநகரப் பேரரசு எழுந்தபின் இப்பெயர் ஆட்சியின் பெயராகவும் விரிந்தது. 1565ஆம் ஆண்டுப் போரில் தலைநகர் வீழ்ந்தபின் அரசர் பெனுகொண்டாவிற்கும், பின்னர்ச் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் பெயர்ந்தனர். அரசோடு பெயரும் மலையிறங்கிக் கீழ்நிலம் வந்தது. 1640களில் பிசப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் படைகள் இப்பரப்பைக் கைப்பற்றியபோது, வென்ற நிலத்தைத் தத்தம் அரசின் பெயரால் பிசப்பூர்க் கர்நாடகம் என்றும் ஐதராபாத்துக் கர்நாடகம் என்றும் பிரித்தழைக்கும் வழக்கம் தோன்றியது. மலைக்கு மேலுள்ள பகுதி ‘பாலாகாட்’ எனவும் கீழுள்ள பகுதி ‘பாயன்காட்’ எனவும் மேலும் பகுக்கப்பட்டன. 1686இல் பிசப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் வென்ற முகலாயர் இப்பகுப்பு முறையையே மேற்கொண்டனர். கீழ்நிலத்தை ஆண்ட ஆற்காட்டு நவாபு ‘கர்நாடக நவாபு’ எனப்பட்டதன் பின்னணி இதுவே.

இவ்வழக்கு அரசவைப் பாரசீகத்தோடு நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் தமிழ் உரைநடையில் எழுதிய செஞ்சி, ஆற்காட்டுப் பகுதிகளின் வரலாற்றுக்குக் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்பது பெயர். தமிழ் பேசும் நிலத்தைத் தமிழில் எழுதிய ஒருவர் ‘கர்நாடகம்’ என்றே குறித்தார் என்பது கருதத்தக்கது.

3. தகட்டில் நிலைத்த பெயர்

சேம்சு ரென்னல் 1782இல் வெளியிட்ட இந்துத்தான நிலப்படமும், அதன் விளக்கமாக எழுதிய நூலும் பிற்காலப் படங்களுக்கு அடிப்படையாக அமைந்தன. அக்பர் காலத்துச் சுபா என்னும் மாகாணப் பிரிவுகளே நிலையானவை எனக் கருதி, ரென்னல் தம் படத்தில் அவற்றைப் பின்பற்றினார். தாம் வாழ்ந்த காலத்து ஆட்சி எல்லைகள் விரைந்து மாறியமையால், இரு நூற்றாண்டுக்கு முற்பட்ட பகுப்பைத் தேர்ந்தெடுத்தார். நிலப்படம் தன் காலத்தைக் காட்டும் என்னும் எளிய நம்பிக்கை இங்கேயே தளர்கிறது.

ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பரப்பைக் கர்நாடகத்தின் கிழக்குப் பிரிவு என்றே ரென்னல் தம் விளக்க நூலில் குறிப்பிட்டார். அப்பெயர் முன்னர் மலைக்கு மேலும் கீழும் பரந்த பெருநிலத்தைச் சுட்டியதை அவர் அறிந்திருந்தார். உரைநடையில் இத்தகைய வரலாற்றை ஒரு தொடரில் கூறிவிடலாம். படத்தில் அதற்கு இடமில்லை. அங்கு ஒரு பெயர் ஓரிடத்தில் நின்றாக வேண்டும்.

அச்சுத் தொழிலின் இயல்பும் இதற்குத் துணைசெய்தது. அக்காலப் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. தகட்டில் ஒரு பெயரை அழித்து வேறொன்றைச் செதுக்குவது உழைப்பும் செலவும் மிக்க பணி. எல்லை வண்ணமோ பெரும்பாலும் அச்சுக்குப் பின் கையால் தீட்டப்பட்டது. எனவே ஓர் அரசு வீழ்ந்தால் வண்ணத்தை எளிதில் மாற்றலாம். பெயர் அப்படியே நிற்கும். 1801 சூலையில் செய்த உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1855இல் நவாபு பட்டமும் நீங்கியது. ஆட்சி நீங்கிய பின்னரும் ‘கர்னாட்டிக்’ என்னும் பெயர் பொதுநிலைப் படங்களிலும் நில விவர நூல்களிலும் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

எழுத்தமைப்பும் நோக்கத்தக்கது. ஊர்ப்பெயர் சிற்றெழுத்தில் ஒரு புள்ளியின் அருகே நிற்கும். நாட்டுப்பெயரோ பேரெழுத்துகளில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, நிலத்தின் குறுக்கே பரந்து செல்லும். எல்லைக்கோடு இல்லாத இடத்திலும் எழுத்துகளின் பரப்பே அந்நாட்டின் பரப்பு என்னும் தோற்றத்தை உண்டாக்கும். நெல்லூரின் தெலுங்கும் திருநெல்வேலியின் தமிழும் ‘கர்னாட்டிக்’ என்னும் ஒரே வரிசை எழுத்துகளின் கீழ் அடங்கின.

4. ஒரு சொல், மூன்று நிலம்

மேற்குக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் ‘கனரா’ என்னும் வடிவத்தை வழங்கினர். அது கன்னடம் என்பதன் திரிபு. அவர்கள் அச்சொல்லை மிக நெகிழ்வாகக் கையாண்டனர் என்பதற்கு, தாமசு சுடீவன்சு எழுதி 1640இல் அச்சான இலக்கண நூல் தக்க சான்று. ‘கனாரிம்’ மொழியின் இலக்கணம் என்னும் தலைப்புடைய அந்நூல் விளக்கும் மொழி கொங்கணி. 1799இல் திப்பு சுல்தான் மறைந்தபின் கம்பெனியின் ஆட்சிக்கு வந்த கடற்கரைப்பகுதி ‘கனரா’ மாவட்டமாயிற்று. அதன் தென்பகுதியில் துளு பேசும் மக்களே மிகுதி. கொங்கணியும் கன்னடமும் மலையாளமும் உடன் வழங்கின. துளு நாடு என்னும் பெயர் மாவட்டப் பெயராகவில்லை. 1862இல் வட கனரா பம்பாய் மாகாணத்தில் சேர்க்கப்பட்டது. அதன்பின் பம்பாய் ஏடுகள் ஒருவகை எழுத்தாலும் சென்னை ஏடுகள் வேறுவகை எழுத்தாலும் அப்பெயரைத் தொடங்கி எழுதின.

தார்வாடு, பெல்காம் பகுதிகளின் நிலை இதற்கு மறுதலையானது. 1818இல் பேசுவாவின் ஆட்சி வீழ்ந்தபின் கம்பெனி பெற்ற இப்பகுதியை ஆங்கில ஆவணங்களும் படங்களும் ‘தென் மராட்டிய நாடு’ என்றன. அங்கே பெரும்பான்மையோர் பேசிய மொழி கன்னடம். முன்னர் ஆண்டோர் மராட்டியர் என்பதே பெயருக்குக் காரணம். 1882இல் இப்பகுதி அரச மரபுகளின் வரலாற்றை எழுதிய பிளீட்டு, தம் நூலின் தலைப்பில் பம்பாய் மாகாணத்தின் ‘கன்னட மாவட்டங்கள்’ எனக் குறித்தார். ஆட்சியால் அமைந்த பெயரினின்று மொழியால் அமைந்த பெயருக்கு ஆய்வுலகம் நகர்ந்ததை இத்தலைப்பு உணர்த்துகிறது. பிற்காலத்தில் அம்மாவட்டங்கள் ‘பம்பாய்க் கர்நாடகம்’ எனப்பட்டன.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு விந்தை புலனாகிறது. 19ஆம் நூற்றாண்டுப் படமொன்றில் ‘கர்னாட்டிக்’ என்றிருக்குமிடத்தில் மக்கள் பேசியவை தமிழும் தெலுங்கும். ‘கனரா’ என்றிருக்கும் கடற்கரையின் தென்பகுதியில் முதன்மையானது துளு. கன்னடம் மிகுதியாகப் பேசப்பட்ட உள்நாடோ மைசூர், நிசாம் ஆட்சிப்பகுதி, தென் மராட்டிய நாடு எனப் பிற பெயர்களைத் தாங்கி நின்றது. ஒரே மூலத்தோடு தொடர்புடைய சொற்கள் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் வெவ்வேறு நிலங்களின் தனிப்பெயர்களாயின. ஒலிவடிவ வேறுபாடு பொருள் வேறுபாடாக மாறியமைக்கு இடப்பெயராய்வில் இது தெளிவான எடுத்துக்காட்டு.

இந்திய இடப்பெயர்களை ஒரே முறையில் எழுதுவதற்காக 1870களில் வில்லியம் அண்டர் வகுத்த எழுத்துமுறை அரசின் ஏற்பைப் பெற்றது. எனினும் நெடுங்காலம் வழங்கிவந்த வடிவங்களுக்கு அம்முறை விலக்கு அளித்தது. அச்சில் வேரூன்றிய பெயர்களை முற்றிலும் திருத்த இயலவில்லை.

5. பிழையா, வரலாறா?

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இச்சொல்லை ஆராய்ந்துள்ளார். மலைக்கு மேலுள்ள நாட்டின் பெயரை இசுலாமிய ஆட்சியாளர் கீழ்நிலத்திற்கும் வழங்கினர்; ஆங்கிலேயர் அதைக் கீழ்நிலத்திற்கு மட்டுமே உரியதாக்கினர்; அந்நிலத்திற்கு அப்பெயரில் உரிமையே இல்லை என்பது அவர் கருத்து. 1908ஆம் ஆண்டு இந்தியப் பேரரசு விவரத்தொகுதியும் இது கன்னட நாட்டின் பெயரே என்றும், ஐரோப்பிய ஆசிரியர்கள் தமிழ் நிலத்திற்குப் பிழையாக வழங்கினர் என்றும் உரைத்தது.

கால்டுவெல் காட்டும் படிநிலைகள் பெரும்பாலும் ஏற்புடையன. ஆனால் ‘பிழை’ என்னும் முடிபு மறுஆய்வுக்குரியது. நாட்டுப்பெயர் மொழியைக் குறிக்க வேண்டும் என்னும் அளவுகோல் ஒப்பிலக்கணம் வளர்ந்த காலத்திற்குரியது. 17, 18ஆம் நூற்றாண்டு வழக்கில் நாட்டுப்பெயர் ஆள்வோரைச் சார்ந்தது. விசயநகர அரசு வேலூரில் இருந்தபோது வேலூர்ச் சீமை கர்நாடகத்தின் பகுதியே. நாராயணனின் நூற்பெயரும் இதனை உறுதிசெய்கிறது. ஆகவே ஐரோப்பியர் இப்பெயரைப் புதிதாகப் புனையவில்லை. அரசுகளோடு நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெயர், கீழ்நிலத்தில் நின்ற கட்டத்தில் அச்சில் ஏறியது, ஏறியபின் நகரவில்லை. பெயரை அசையாமற் செய்ததே அச்சு நிலப்படத்தின் பங்கு.

‘மலபார்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஐரோப்பியர் அதைத் தமிழ்மொழிக்கும் வழங்கினர். பப்ரிசியசு 1779இல் வேப்பேரியில் அச்சிட்ட ‘மலபார்–ஆங்கில’ அகராதி தமிழ் அகராதியாகும். அத்தலைப்பை நம்பி அதனை மலையாள அகராதி வரிசையில் வைப்போர் பெரும்பிழை செய்தவராவர்.

6. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும்

கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வு சென்னை மாகாணத்தையும் மைசூர், ஐதராபாத்து அரசுகளையும் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. 1906இல் வெளிவந்த அதன் நான்காம் தொகுதி திராவிட மொழிகளைப் பற்றியதாயினும், தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு ஊர்தோறும் தொகுத்த மொழித் தரவு அதில் இல்லை. இவ்விடைவெளியை நிரப்ப ஆய்வாளர் பழைய நிலப்படங்களை நாடுவது இயல்பு. அப்படங்களின் ஊர்ப்பெயர்கள் ஒலிப்புக்கும் சொல்லாக்கத்துக்கும் நல்ல தரவு. நாட்டுப்பெயர்களோ மொழிப்புலத்திற்குச் சான்றாகா. எவர் ஆண்டனர், எப்போது ஆண்டனர் என்பதற்கே அவை சான்று. இவ்விருவகையையும் ஒன்றாகக் கொள்வது தவறான முடிபுகளுக்கு இட்டுச்செல்லும்.

மொழிபெயர்ப்பாளர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, மூலநூலின் காலத்தை உறுதிசெய்தல். ‘கர்னாட்டிக்’ என்பது 17ஆம் நூற்றாண்டுக் குறிப்பாயின் விசயநகர ஆட்சிப்பரப்பையோ அதன் பகுதியையோ சுட்டலாம். 18ஆம் நூற்றாண்டினதாயின் பெரும்பாலும் ஆற்காட்டு நவாபின் சீமை. 1801க்குப் பிற்பட்டதாயின் கீழைக்கடற்கரைச் சமவெளி. இரண்டாவது, சுட்டப்படும் நிலத்தைப் பெயரோடு சேர்த்து உணர்த்துதல். ‘ஆற்காட்டுக் கர்நாடகம்’ என்றெழுதினால் மூலச்சொல்லும் நிற்கும், மயக்கமும் நீங்கும். மேலே கூறிய போர்களை ‘ஆற்காட்டுக் கர்நாடகப் போர்கள்’ எனலாம். மூன்றாவது, பெயரைத் திருத்தாமை. ‘தென் மராட்டிய நாடு’ என மூலத்தில் இருப்பதைக் ‘கன்னட நாடு’ என மாற்றினால், அப்பெயர் தாங்கிய ஆட்சி வரலாறு மறைந்துவிடும். பெயரை மூலத்திலுள்ளவாறே வைத்து, அது குறிக்கும் நிலத்தை அடிக்குறிப்பில் விளக்குவதே தக்கது.

7. முடிவுரை

1956இல் மாநிலங்கள் மொழியை முதன்மையாகக் கொண்டு திருத்தியமைக்கப்பட்டபோது, மைசூரும் பம்பாய், ஐதராபாத்து ஆட்சிகளிலிருந்த கன்னட மாவட்டங்களும் தென் கனராவின் பெரும்பகுதியும் குடகும் ஒன்றாயின. காசரகோடு கேரளத்தில் சேர்ந்தது. 1973இல் புதிய மாநிலம் ‘கர்நாடகம்’ எனப் பெயர் பெற்றபோது, கீழ்நிலம் சென்று தங்கிய பெயர் மீண்டும் மலைக்கு மேல் ஏறியது. சென்னை மாநிலம் 1969இலேயே ‘தமிழ்நாடு’ எனப் பெயர் மாற்றப்பட்டிருந்தது. இன்றைய படத்தில் பெயரும் மொழியும் பெரும்பாலும் ஒத்து நிற்கின்றன. இவ்வொற்றுமை அண்மைக் காலத்தது. அதைப் பழைய படங்களின்மேல் ஏற்றிப் படிப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

பழமையில் ஊறியவரைத் தமிழர் இன்றும் ‘சுத்தக் கர்நாடகம்’ என்பர். அங்கே அச்சொல் எந்த நிலத்தையும் சுட்டவில்லை. ஒரு மொழியையும், பேரரசையும், நவாபின் சீமையையும், மாநிலத்தையும் முறையே குறித்த சொல் அது. பழைய ஏட்டிலோ படத்திலோ அதனை எதிர்ப்படும் ஆய்வாளர் ‘எந்த ஆண்டின் கர்நாடகம்?’ என்று முதலில் வினவுதல் வேண்டும்.